சாம்பலும் சரிவும்

பதுளையிலும் பசறையிலும் அப்புத்தளையிலும் உள்ள தேயிலைத் தோட்டங்களில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களின் கோடியில் ஒரு துண்டு மரக்கறிப் பாத்தியேனும் வைத்திராத குடும்பம் அரிது. அந்தப் பாத்தியிலே போஞ்சி இலை சுருண்டாலும், கோவாவில் ஓட்டை விழுந்தாலும், பூசணிக் கொடியில் வண்டு மொய்த்தாலும், விடியற்காலையில் பனியீரம் காயுமுன்னே அடுப்புச் சாம்பலை அள்ளி வந்து இலைமேல் தூவுவதுதான் பரம்பரையாக வந்த பரிகாரம். இதன் பலம் எவ்வளவு, இது நம்மைக் கைவிடும் இடம் எது என்பதை நிதானமாக ஆராய்வது, அந்தப் பாத்தியை நம்பிக் கறிச்சட்டியை அடுப்பில் ஏற்றுகிற குடும்பங்களுக்குப் பிரயோஜனமான விஷயம்.

சாம்பலின் குணம் மெய்யானது. அழுக்கணவன் போன்ற மெல்லுடற் பூச்சிகளின்மேல் படிந்து அவற்றை உலர்த்துகிறது. பூசணி வண்டுக்கு இலையைச் சுவையற்றதாக்குகிறது. உலர்ந்திருக்கும் வரையில் நத்தையின் வழியையும் மறிக்கிறது. தேயிலை அமில மண்ணை நாடும் பயிராதலால், அதைச் சூழ்ந்த நிலமும் பெரும்பாலும் புளிப்பேறியதாகவே இருக்கும். காரமும் சுண்ணாம்புச் சத்தும் பொட்டாசியமும் கொண்ட விறகுச் சாம்பல் அந்நிலத்தைக் கோவாவுக்கும் பீட்ரூட்டுக்கும் இணக்கமாக்குகிறது. உருளைக்கிழங்குப் பாத்தியில் மட்டும் இது தோஷமாகும். காரம் மிகுந்தால் கிழங்கின் தோலில் சொறி விழும்.

இவற்றைக் காட்டிலும் பெரிய நன்மை ஒன்று உண்டு. சமையலும் படுக்கையும் அடுத்தடுத்து நடக்கும் லயக் காம்பராவிலே, பூச்சிமருந்துப் போத்தலை எந்த இடத்தில் பத்திரமாக வைப்பது? குழந்தையின் கைக்கும், மனம் உடைந்த ஒருவரின் கைக்கும் அது எப்போதும் எட்டுகிற தூரத்திலேயே இருக்கிறது. மிகக் கொடிய பூச்சிகொல்லிகளை இலங்கை அரசு 1995இலும், எண்டோசல்பானை 1998இலும் தடை செய்ததைத் தொடர்ந்து நாட்டில் தற்கொலைகள் வெகுவாகக் குறைந்தன என்பதை நினைக்கும்போது, வீட்டுக்குள் விஷம் நுழையாதபடி காக்கிற ஒரு பழக்கத்தை, அதன் குறைகளையெல்லாம் அறிந்த பின்னரும், என்னால் இலேசாக மதிக்க முடியவில்லை. 2021 மே மாதத்தில் இரசாயன உரங்களுக்கும் பூச்சிமருந்துகளுக்கும் இறக்குமதித் தடை வந்து, அவ்வருஷம் நவம்பரில் அது கைவிடப்படும் வரையில், யாருடைய உத்தரவுக்கும் காத்திராமல் கைக்கு அகப்பட்ட சாதனமும் இதுவே.

ஆயினும் எல்லா வியாதிக்கும் ஒரே மருந்து என்று எண்ணுவது பெரும் பிழை. போஞ்சிச் செடி முளைத்த சில நாட்களிலேயே போஞ்சி ஈ இளம் இலைக்குள் முட்டையிட, புழு காம்பு வழியே இறங்கித் தண்டின் அடியைக் குடைகிறது. செடி மஞ்சளித்துச் சாயும்போது, மேலே தூவிய சாம்பல் உள்ளே இருக்கும் புழுவை என்ன செய்ய இயலும்? அங்கே உதவுவது, அடியில் மண்ணணைத்துப் புதுவேர் விடச் செய்வதும், பட்ட செடிகளைப் பிடுங்கி எரிப்பதுமே. கோவாவின் குருத்துக்குள் ஒளிந்திருக்கும் புழுவையும் சாம்பல் எட்டாது. அதைக் கையால் பொறுக்க வேண்டும். யூரியாவோடோ பச்சைக் கோழியெருவோடோ சாம்பலைக் கலந்து இடுவது வெளிப்படையான நஷ்டம். நைதரசன் அமோனியாவாகிக் காற்றோடு போய்விடுகிறது.

பருவத்தின் சுபாவமும் இங்கே கவனிக்கத்தக்கது. தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவுகளில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரமிழந்து, இத்தோட்டங்கள் உள்ள ஊவாவில் இறங்குகிறது. ஆடி ஆவணியில் ஊவாத் தேயிலைக்கு உலகம் மெச்சும் வாசனையைத் தரும் அதே காற்று, போஞ்சிப் பூவை உதிர்த்துப் பாத்தியைப் புழுதியாக்குகிறது. அழுக்கணவன் பெருகும் அந்த வறட்சிக் காலத்தில் சாம்பல் இலையிலே தங்கும். ஒக்டோபரில் தொடங்கும் மழையிலோ அது ஓரிரவுகூட நிற்பதில்லை. அதற்குப் பின்னால் மேல்மண்ணும் போய்விடுகிறது. அப்போது பாத்தியைக் காப்பது சரிவுக்குக் குறுக்கே வெட்டிய கானும், கல்லடுக்கிய வரம்பும், வரம்போரத்து மானாப்புல்லும்தான். கான் வெட்டுவதைத் தோட்டத்து மக்களுக்குப் புதிதாக யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. தேயிலை மலைகளில் தலைமுறை தலைமுறையாக அதைச் செய்தவர்கள் அவர்களே.

அப்படியிருந்தும் அந்தக் கைத்திறன் லயத்துக் கோடிக்கு ஏன் வந்து சேரவில்லை? குடியிருக்கும் நிலம் தமதாக இல்லாததே காரணம். கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. அவ்விடம் அபாயகரமானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை வந்திருந்தும், மக்கள் வேறு போக்கிடமின்றி அங்கேயே வாழ்ந்திருந்தார்கள். கல்வரம்பு நிலைபெறுவதும், புல் வேரோடி மண்ணைப் பிடிப்பதும், பழமரம் நிழல் தருவதும் வருஷக் கணக்கான காரியங்கள். காலடி மண்ணுக்கு உறுதிப்பத்திரம் இல்லாத ஒரு குடும்பம், நாளை தோட்ட நிர்வாகம் திருப்பிக் கேட்கக்கூடிய நிலத்தில் இத்தனை உழைப்பைப் புதைக்க எப்படித் துணியும்? அதனாலேயே அவர்கள் அன்றாடம் செய்து அன்றாடம் பலன் காணக்கூடிய சாம்பலோடு நின்றுவிடுகிறார்கள்.