காதோரத்து மின்சாரமும் நினைவாற்றலும்

காதுக்குப் பின்புறம் இரண்டு மின்வாய்களை ஒட்டி, மெல்லிய மின்னோட்டத்தைச் செலுத்தினால் நினைவாற்றல் பெருகும் என்ற செய்தி சில ஆண்டுகளாக நாளிதழ்களில் தலைகாட்டி வருகிறது. விடுதிப் பள்ளிகள் நிறைந்த நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரத்தில் இத்தகைய செய்திக்கு என்ன மதிப்பு உண்டு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. வல்லாரை லேகியத்தில் தொடங்கி, மதிப்பெண்ணைக் கூட்டும் என்று யார் எதைக் காட்டினாலும், கடன்பட்டாவது வாங்கித் தரப் பெற்றோர் ஆயத்தமாக இருக்கிறார்கள். ஆகவே, செய்தியின் வேரைச் சற்றுத் தோண்டிப் பார்ப்போம்.

பலரும் எடுத்துக்காட்டுவது, இங்கிலாந்தில் டேவிட் வில்கின்சனும் அவருடைய துணையாளர்களும் 2008-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையைத்தான். அதில் பங்குகொண்டவர்கள் உடல்நலம் உள்ளவர்கள். முன்பின் பார்த்திராத 8 முகங்களையும் அவற்றுக்குரிய பெயர்களையும் அவர்கள் முதலில் மனத்தில் பதித்துக்கொண்டார்கள். சிறிது நேரம் கழித்து, இன்னாருக்கும் இன்னாருக்கும் முகத்தில் என்ன வேறுபாடு என்பது போன்ற வினாக்கள் கேட்கப்பட்டன. முகங்கள் கண்முன் இல்லை. நினைவிலிருந்தே விடை கூற வேண்டும். இடச்செவியின் சமநிலை நரம்பை, உணரவே முடியாத அளவுக்கு மெல்லிய, ஒழுங்கின்றி ஏறி இறங்கும் மின்னோட்டத்தால் தூண்டியபோது, தூண்டல் இல்லாத நேரத்தைவிட விடை விரைவாக வந்தது.

விரைவாக வந்தது என்பதை அடிக்கோடிட்டுக் கொள்ளுங்கள். விடைகளின் சரித்தன்மை குறையவில்லை என்று கட்டுரை கூறுகிறது; கூடியது என்று கூறவில்லை. அலமாரியில் உள்ள புத்தகத்தைச் சற்று வேகமாக எடுக்க முடிந்தால், அலமாரியில் புத்தகங்கள் பெருகிவிட்டன என்று சொல்வோமா? நாளிதழ்கள் அப்படித்தான் சொல்லின. ஆய்வாளர்களோ, அறிவாற்றலைக் கூட்டும் பொதுவான வழியாக இது அமையக்கூடும் என்ற வாய்ப்பை மட்டுமே குறிப்பிட்டார்கள். அந்த ஒரு வாக்கியத்தையும் தவிர்த்திருக்கலாம் என்பது என் கருத்து; 8 முகங்களிலிருந்து அவ்வளவு தூரம் தாவ வேண்டியதில்லை.

இனி, காதுக்கும் நினைவுக்கும் என்ன உறவு? செவியின் உட்பகுதியில், கேட்பதற்கான நத்தைக்கூட்டை அடுத்து மூன்று அரைவட்டக் குழல்களும், நுண்ணிய சுண்ணக்கற்களைத் தாங்கிய இரண்டு பைகளும் இருக்கின்றன. தலையின் சுழற்சியை முன்னவை அறியும். சாய்வையும் நேர்கோட்டு முடுக்கத்தையும் பின்னவை அறியும். இங்கிருந்து செல்லும் நரம்பு ஓய்விலும் இடைவிடாமல் துடிப்புகளை அனுப்பிக்கொண்டே இருக்கும். எதிர்மின்வாய் உள்ள பக்கத்தில் இத்துடிப்புகள் மிகும். நேர்மின்வாய் உள்ள பக்கத்தில் குறையும். இருபக்கமும் ஒத்துப்போகாததால் தலை அசைந்ததாக மூளை எண்ணிக்கொள்ளும். கண்ணை மூடி நிற்பவர் நேர்மின்வாய்ப் பக்கமாகச் சாய்வார். 1800-இல் வோல்ட்டா தாம் அமைத்த மின்னடுக்கின் முனைகளை இரு காதுகளிலும் செருகிக்கொண்டு, தலைக்குள் ஓர் அதிர்ச்சியையும் ஏதோ கொதிப்பது போன்ற ஓசையையும் உணர்ந்தார். நம் பாடநூல்கள் மின்னடுக்கைப் படம் போட்டுக் காட்டிவிட்டு இதை விட்டுவிடுகின்றன.

சமநிலைச் செய்திகள் மூளையின் ஹிப்போகாம்பஸ் என்னும் நினைவுப் பகுதிக்கும் எட்டுகின்றன. இருபக்கச் சமநிலை நரம்பையும் இழந்த 10 நோயாளிகளிடம் அப்பகுதி ஏறத்தாழ 17 விழுக்காடு சுருங்கியிருந்ததையும், வழி அறியும் நினைவு குன்றியிருந்ததையும் ஜெர்மானிய ஆய்வுக் குழு ஒன்று 2005-இல் வெளியிட்டது. எனவே உறவு உண்டு என்பதில் ஐயமில்லை. ஆனால், ஒன்றை இழந்தால் கேடு வருகிறது என்பதனால், அதை மிகுதியாகத் தூண்டினால் நன்மை வரும் என்று ஆகிவிடாது.

மின்சாரம் இல்லாமலும் இந்த நரம்பைத் தூண்டலாம். காதில் குளிர்ந்த நீரை விட்டால், குழலிலுள்ள பாய்மத்தின் ஒரு பகுதி குளிர்ந்து வெப்பச் சலனம் உண்டாகும். ராபர்ட் பாரானி 1914-ஆம் ஆண்டின் நோபெல் பரிசைப் பெற்றது இத்தகைய ஆராய்ச்சிக்காகவே. (1983-இல் ஸ்பேஸ்லேப் விண்கலத்தில், எடையற்ற நிலையிலும் இவ்விளைவு தோன்றியது. வெப்பச் சலனம் மட்டுமே காரணமன்று என்று அதனால் தெரிந்தது!) குளிர்நீரை இடச்செவியில் விட்டபோது பொருள்கள் இருந்த இடமும், வலச்செவியில் விட்டபோது சொற்களும் எளிதாக நினைவுக்கு வந்ததாக 2001-இல் சூரிச் நகர ஆய்வாளர்கள் எழுதினார்கள். இந்த ஆய்வை நான் சற்று உயர்வாகவே மதிக்கிறேன். வெறும் குளிரின் கிளர்ச்சிதான் காரணம் என்றால், எந்தக் காதில் விட்டாலும் ஒரே பலன் அல்லவா வந்திருக்க வேண்டும்?

எல்லாவற்றையும்விட வியப்பானது, 1995-இல் வி. எஸ். இராமச்சந்திரன் வெளியிட்ட நிகழ்ச்சி. தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்று, கலிபோர்னியாவில் பணியாற்றியவர் அவர். மூளையின் வலப்பக்கம் தாக்குண்டு இடக்கை செயலிழந்த முதிய பெண்மணி ஒருவர், தம் கை நன்றாகவே இயங்குகிறது என்று சாதித்துவந்தார். அவருடைய இடச்செவியில் குளிர்ந்த நீர் விடப்பட்டது. சிறிது நேரத்தில், கை அசையவில்லை என்று அவரே ஒப்புக்கொண்டார். எவ்வளவு நாளாக என்று கேட்டதற்கு, பல நாள்களாக என்றார். இத்தனை நாளும் மறுத்தவருக்கு அது எப்படித் தெரிந்தது? நினைவு உள்ளே பதிவாகிக்கொண்டேதான் இருந்திருக்கிறது, எட்டுவதற்குத்தான் வழியில்லை. சில மணி நேரத்தில் பழைய மறுப்பு திரும்பிவிட்டது. தாம் ஒப்புக்கொண்டதைக்கூட, கை நலமாக உள்ளதென்று சொன்னதாக மாற்றிக் கூறினார்.

ஒரே ஒரு நோயாளிதான். ஆயினும், இத்தூண்டல் என்ன செய்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான குறிப்பை நான் படித்ததில்லை. அது புதிய நினைவை உண்டாக்கவில்லை. ஏற்கெனவே இருந்ததற்குச் சிறிது நேரம் கதவைத் திறந்துவிட்டது. முகங்களைப் பற்றிய ஆய்வும் இதற்கு ஒத்தே இருக்கிறது. படிக்காத பாடத்துக்கு எந்தக் கதவைத் திறப்பது?

மின்னோட்டம் மிகுந்தால் பலன் தலைகீழாகும் என்பதும் தெரியவந்துள்ளது. உணரத்தக்க அளவில், சில மில்லி ஆம்பியர் வரை செலுத்தியபோது இடம் சார்ந்த குறுகியகால நினைவில் பிழைகள் மிகுந்ததாக 2012-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று காட்டியது. இதை நாளிதழ் எதிலும் நான் பார்க்கவில்லை.

இயற்பியல் ஆசிரியன் என்ற முறையில் எனக்குள்ள கவலை வேறு. "சார், 9 வோல்ட் பேட்டரியும் இரண்டு தகடும் போதுமா?" என்று இரண்டாமாண்டு மாணவர் ஒருவர் என்னிடம் கேட்டார். ஓம் விதியைக் கொண்டு கணக்கிட்டுப் பாருங்கள். உலர்ந்த தோலின் மின்தடை 1,00,000 ஓம் என்றால் மின்னோட்டம் 0.09 மில்லி ஆம்பியர். சேலத்துச் சித்திரை வெயிலில் வியர்த்து அது 3,000 ஓமாக இறங்கினால் 3 மில்லி ஆம்பியர். பேட்டரி அதேதான்; மின்னோட்டமோ முப்பது மடங்குக்கு மேல்! ஆய்வுக்கூடங்களில் மின்தடை மாறினாலும் மின்னோட்டம் மாறாத கருவியைப் பயன்படுத்துவது இதனால்தான். ஒரே திசையில் மின்னோட்டம் நீடித்தால் மின்னாற்பகுப்பு வேறு நிகழும். எதிர்மின்வாயின் அடியில் காரம் சேர்ந்து தோல் புண்ணாகும். நிற்கும்போது திடீரென இணைத்தால் தள்ளாடி விழவும் கூடும். வேண்டாம் என்று அம்மாணவரிடம் சொல்லிவிட்டேன்.

கருவி விற்பவர் யாரேனும் இனி வந்தால், அவரிடம் கேட்க வேண்டியவை இவை: விடை விரைவாக வந்ததா, மிகுதியாக வந்ததா? மின்வாயை ஒட்டிவிட்டு மின்சாரம் செலுத்தாத ஒரு குழுவோடு ஒப்பிட்டீர்களா? தூண்டிய சில நிமிடங்களில் சோதித்தீர்களா, ஒரு மாதம் கழித்தா? பொதுத்தேர்வு அந்த ஒரு மாதத்துக்கு அப்பால்தான் இருக்கிறது.