கழிநீரும் மழைநீரும்: சட்டச் சொற்கள் பற்றிய ஒரு திறனாய்வு

இலக்கியத்தில் ஒரு சொல் பிழைபடின் நயம் குன்றும். சட்டத்தில் ஒரு சொல் பிழைபடின் ஊரின் கிணறு கெடும். தொழிற்சாலைகள் வெளிவிடும் நீரையும், அவற்றின் முற்றங்களிலிருந்து வழிந்தோடும் மழைநீரையும் ஒழுங்குபடுத்தும் சட்டங்களிற் பயிலுஞ் சொற்கள் சிலவற்றைத் தமிழ் வழக்கோடு ஒப்பிட்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இது பொறியியலார்க்கே உரிய பொருள் என்று மொழி பயில்வோர் ஒதுங்குதல் தகாது. பொருளை வரையறுத்தல் மொழியின் தொழிலன்றோ?

முதலிற் 'கழிவு' என்னுஞ் சொல்லை நோக்குவாம். இலங்கையின் 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடற் சட்டம், 1988ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டத்தாற் திருத்தப்பட்டபோது, உரிமம் இன்றியும் நியமங்களுக்கு மாறாகவும் கழிவுகளைச் சுற்றாடலுள் விடுதல் தடுக்கப்பட்டது. அச்சட்டம் கழிவு என்பதை அழுக்கு என்று கொள்ளவில்லை. திண்மமாயினும் திரவமாயினும் வாயுவாயினும், தன் அளவாலோ சேர்க்கையாலோ விடப்படும் முறையாலோ சுற்றாடலை மாற்றும் எப்பொருளுங் கழிவே என்பது அதன் கருத்து. ஆகவே கழிவு என்பது பொருளின் இயல்பன்று, அதன் விளைவாகும். எந்திரத்தைக் குளிரச்செய்து வெளிவரும் தெளிந்த வெந்நீரும் ஓடையின் வெப்பநிலையை மாற்றுமாயிற் கழிவேயாம். தமிழிற் 'கழிவுநீர்' என்றவுடன் கறுத்து நாறும் நீரே நினைவிற்கு வருகின்றது. இந்நினைவு தெளிந்த நீர்க்கு வழிவிட்டு, சட்டத்தின் நுண்மையை மழுக்குகின்றது. ஆதலின் தொழிற்சாலையிலிருந்து புறப்படும் நீரனைத்தையும் 'வெளிவிடுநீர்' என்று பொதுப்பெயராற் சுட்டி, அதன் தீங்கு நிறுவப்பட்டவிடத்தே கழிவு என்று கூறுதல் பொருத்தமாகும்.

இரண்டாவது, மழைநீர். ஆங்கிலச் சொல்லை உறுப்புறுப்பாகப் பெயர்த்துப் 'புயல்நீர்' என எழுதுவாரும் உளர். இது பெரும்பிழை. புயல் வீசாத நாளிற் பெய்யும் சிறுமழையும் எண்ணெய் படிந்த முற்றத்தைக் கழுவிச் செல்லும் ஆற்றல் உடையது. தமிழ்நாட்டில் நகராட்சிகள் வழங்கும் 'மழைநீர் வடிகால்' என்னுந் தொடரே செவ்விது. எனினும் அத்தொடரிலும் ஓர் இடர் உண்டு. மழைநீர் என்றால் தூயது என்பது நம் மரபுணர்வு. வானிலிருந்து வீழ்கையில் அது தூயதே. கொட்டிய சாயத்தையும் துருவையும் எண்ணெயையும் அளைந்து வடிகாலை அடைகையில் அது தூயதன்று. அமெரிக்க நாட்டின் 1972ஆம் ஆண்டு நீர்ச்சட்டம் குழாய், வாய்க்கால் போன்ற குறித்த வாய்களை 'ஓரிட மூலம்' என வகுத்து உரிமத்துக்கு உட்படுத்தியது. ஆயினும் தொழிற்சாலைகளின் மழைநீரைப் பற்றித் தெளிவான விதி அமைய 1987ஆம் ஆண்டுத் திருத்தம் வேண்டியதாயிற்று.

நம் முன்னோர்க்கு இவ்வேறுபாடு தெரியாததன்று. வீட்டு முற்றத்தின் கழிநீர் செல்லும் இடத்தை 'அங்கணம்' என்றனர். இச்சொல் திருக்குறளிலும் பயில்கின்றது. நிலத்தடியே நீர் செல்லும் வழியைச் 'சுருங்கை' என்றனர். மணிமேகலையில், மனைமகளிர் கூந்தல் கழுவிய நீர் சுருங்கைத் தூம்பின் வழியே அகழியைச் சேர்வது கூறப்படுகின்றது. நீர் எங்கிருந்து, எவ்வழியாய், எதனைச் சேர்கின்றது என்னும் மூன்றும் ஆண்டு ஒருங்கே அமைந்துள்ளன. இன்றைய சட்டம் வினவுவனவும் இம்மூன்றே.

மூன்றாவது, 'ஐதாக்கல்'. இலங்கை நியமங்களின்படி உள்நாட்டு மேற்பரப்பு நீர்நிலையில் விடப்படும் நீரின் உயிரிரசாயன ஒட்சிசன் தேவை ஒரு லீற்றருக்கு 30 மில்லிகிராமை மிஞ்சலாகாது. இவ்வெல்லை, ஏற்கும் நீர்நிலையில் 8 மடங்கு தூயநீர் உண்டு என்னும் எண்ணத்தின்மேல் வகுக்கப்பட்டது. 120 மில்லிகிராம் தேவையுடைய ஒரு லீற்றர் நீரோடு 3 லீற்றர் மழைநீரைத் தொழிற்சாலைக்குள்ளேயே கலந்தால், செறிவு 30 ஆகிவிடும். ஆற்றைச் சேரும் மொத்தச் சுமையோ முன்போல 120ஆகவே நிற்கும். எனவே 'செறிவு', 'சுமை' என்னும் இரு சொற்களையும் வேறுபடுத்தாத தமிழுரை, ஏமாற்றுவார்க்கு அரணாகும்.

நான்காவது, 'வெளியேற்றம்'. குழாய்வாயினாற் கால்வாயில் விடுதல் வெளியேற்றம் என்பதில் ஐயமில்லை. மண்ணிற் கசிந்து கிணற்றை அடைவது யாது? இவ்வினா நம்மவர்க்கு ஏட்டுவினா அன்று. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. சுண்ணாம்புக்கல்லிடையே தங்கும் நிலத்தடி நீரே குடிநீர். சுன்னாகத்து மின்னிலையத்தை அடுத்த கிணறுகளில் எண்ணெய் கலந்தமை பற்றிய வழக்கில், உயர் நீதிமன்றம் 2019ஆம் ஆண்டு ஏப்ரலில் தீர்ப்பு வழங்கி, மாசுபடுத்தியவரே செலவேற்றல் வேண்டும் என்னும் நெறியின்படி மின்னுற்பத்தி நிறுவனத்தை 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்தப் பணித்தது. அடுத்த ஆண்டு, 2020இல், அமெரிக்க உயர் நீதிமன்றமும் அவாய்த் தீவின் மௌயி வழக்கில், நிலத்தடி வழியே கடலைச் சேரும் கழிநீர், பயனளவில் நேரே விடுவதற்கு ஒப்பாயின் உரிமம் வேண்டும் என்று கூறிற்று. ஆற்றை மனத்திற்கொண்டு ஆக்கிய சொற்கள் ஆறில்லா ஊருக்கு முழுதும் பொருந்தா என்பதை இவை உணர்த்துகின்றன. இந்தியாவின் 1974ஆம் ஆண்டு நீர்ச்சட்டம் இவ்வகையிற் பாராட்டத்தக்கது: 'ஓடை' என்னுஞ் சொல்லுள் நிலத்தடி நீரையும், அப்போதைக்கு வறண்டு கிடக்கும் நீர்வழியையும் அஃது அடக்கியுள்ளது. வறண்ட ஆறும் ஆறே என்னும் இவ்வரையறை, பாலாற்றையும் நொய்யலையும் அறிந்த தமிழர்க்கு மிகைக்கூற்றாகத் தோன்றாது.

கலைச்சொல்லாக்கம் என்பது ஒரு சொல்லுக்கு ஒரு சொல்லை ஈடாக வைத்துவிட்டு ஓய்வதன்று. அச்சொல்லால் எது உள்ளடங்குகின்றது, எது நழுவிப்போகின்றது, நழுவுவதால் யார் துன்புறுகின்றனர் என்பதையும் ஆராய்தல் வேண்டும். நுகேகொடைக்கு அண்மையிற் கிருலப்பனைக் கால்வாய் ஓடுகின்றது. அந்நீர் வெள்ளவத்தையிலும் தெகிவளையிலுங் கடலைச் சேர்கின்றது. அதன் கரையில் நாள்தோறும் நடக்கும் நம் மாணவர், ஒரு மழைநாளில் அதன் நிறத்தை நோக்கி, 'இது மழைநீரா, கழிநீரா? யாருடைய வாயிலிலிருந்து வந்தது?' என வினவுவாராக. வினாவைத் திருத்தமாகக் கேட்கத் தெரிந்தவர்க்கே விடை கிட்டும். அத்திருத்தத்தைத் தமிழிலேயே அவர்க்கு அளித்தல் தமிழாசிரியரின் கடனாகும்.