உப்பு, சர்க்கரை, தண்ணீர்

வயிற்றுப்போக்குக்கு வீட்டிலேயே கலக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசலை நான் மனதாரக் கொண்டாடுகிறேன். காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. அவ்வளவுதான்.

அழகெல்லாம் அந்த அளவில் இருக்கிறது. குடல் சுவரில் சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்தே உள்ளே நுழைகின்றன; தண்ணீர் அவற்றைத் தொடர்ந்து போகிறது. காலரா தாக்கிய குடலிலும் இந்த வழி மூடுவதில்லை. சர்க்கரை கூடினால் பேதி அதிகமாகும். உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து. வாயில் வைத்தால் கண்ணீரைவிட அதிகமாகக் கரிக்கக் கூடாது.

1971 வங்கதேசப் போரின்போது, மேற்கு வங்கத்தின் பன்கான் அகதிகள் முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோக, மருத்துவர் திலீப் மஹாலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை நோயாளிகளின் சொந்தக்காரர்களிடமே கொடுத்துப் புகட்டச் சொன்னார். சுமார் 30 சதவீதமாக இருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. அந்த முகாமில் உயிர் காத்தவை அம்மாக்களின், அக்காக்களின் கைகள். அதை நினைத்தாலே நெஞ்சு நிறைகிறது.

உப்புப் போட்ட நம் நொய்க்கஞ்சியும் ஏறக்குறைய இந்தக் கரைசலின் வேலையைத்தான் செய்கிறது.

மருந்துக் கடையின் ஓஆர்எஸ் பொட்டலம் கிடைத்தால் அதுவே மேல். பொட்டாசியமும் அதில் உண்டு. கண் குழிந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ, குழந்தை குடிக்க மறுத்தாலோ தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.