புள்ளி எதனை அளக்கிறது?

தேர்வு முடிவு வந்ததும் "எத்தனை புள்ளி?" என்று வினவுதல் எந்நாட்டுப் பெற்றோர்க்கும் இயல்பு. அவ்வெண்ணுக்குப் பொருள் எங்கிருந்து வந்தது என்று வினவுவார் அரியர். ஜெர்மனியில் 1 பெற்றவன் முதல் தரத்தினன். 6 பெற்றவன் கடைத் தரத்தினன். ருஷ்யாவில் 5 சிறந்தது, 2 தோல்வி. பிரான்சின் பள்ளியிறுதித் தேர்வில் 20க்கு 10 தேர்ச்சி. 16 பெற்றாலே 'மிக நன்று' என்னும் சிறப்புண்டு. அதனை நூற்றுக்கு எண்பது என்று பெயர்த்தெழுதினால் அச்சிறப்பு மறைந்துவிடும். நாட்டுக்கு நாடு ஈடு காட்டும் அட்டவணைகள் செய்வது பெரும்பாலும் இவ்வகைப் பெயர்ப்பே. ஓர் எண் பாடத்தை அளந்ததா, பக்கத்துப் பிள்ளையை அளந்ததா என்பதை அவை உரைப்பதில்லை.

பக்கத்துப் பிள்ளையை அளந்த முறைக்குச் சுவீடனே தக்க சான்று. 1962 முதல் 1990கள் வரை அங்கு 1 முதல் 5 வரை தரங்கள் வழங்கினர். நாட்டு மாணாக்கர் அனைவரையும் ஒருங்கே கொண்டு, நூற்றுக்கு 7 பேர்க்கு 5, 24 பேர்க்கு 4, 38 பேர்க்கு 3, 24 பேர்க்கு 2, எஞ்சிய 7 பேர்க்கு 1 என வகுத்தனர். இக்கணக்கு நாடு முழுமைக்கும் உரியது. ஆயினும் ஆசிரியர் பலர் தத்தம் வகுப்பிலேயே இதனைப் பொருத்தினர். விளைவு யாது? வகுப்பில் இரண்டு 5 வழங்கியாகிவிட்டால், மூன்றாம் பிள்ளை எவ்வளவு கற்றிருப்பினும் 4தான். வகுப்பு முழுதும் முன்னேறினாலும் கடைசியில் ஒருவன் இருந்தே தீர வேண்டும்! கற்பித்தவரின் உழைப்புக்கும் அம்முறையில் அடையாளமில்லை. 1994ஆம் ஆண்டுப் பாடத்திட்டத்தோடு பாட இலக்கை ஒட்டித் தரமிடும் முறை வந்தது.

மலேசியாவில் 2021இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வு நீக்கப்பட்டது. பள்ளிசார் மதிப்பீட்டின் ஆறு நிலைகளும் பிள்ளை எதனைச் செய்ய வல்லது என்பதையே குறிப்பன. அவற்றையும் பழைய 'ஏ', 'பி' ஆக மாற்றிப் படிக்கும் வழக்கம் பெற்றோரிடம் உண்டு. அதற்கு ஆசிரியரும் இடங்கொடுத்தல் தகாது.

சிங்கப்பூரிலும் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் மற்றையோர் சராசரியோடு ஒப்பிடும் 'டீ-ஸ்கோர்' 2020 வரை இருந்தது. 2021 முதல் ஒவ்வொரு பாடத்துக்கும் எட்டு அடைவுநிலைகள். 90க்குக் குறையாதது முதல் நிலை, 20க்குக் குறைந்தது எட்டாம் நிலை. பிறர் புள்ளி ஒரு பிள்ளையின் நிலையை மாற்றாது என்பது பாராட்டத்தக்க திருத்தமே. ஆனால் படிகளின் அகலத்தை நோக்குக. 85 முதல் 89 வரை ஒரு நிலை, ஐந்தே புள்ளி. ஆறாம் நிலையோ 45 முதல் 64 வரை; இருபது புள்ளி! உயர்ந்த புள்ளி பெறுவோர் பலராதலால் அவர்களைப் பிரித்தறிய மேற்படிகளை நெருக்கினர் எனின், அதுவும் ஒப்பீடன்றோ? 89க்கும் 90க்கும் வேறுபாடு காணும் அளவுகோல், ஓராண்டு முயன்று 46இலிருந்து 63க்கு ஏறிய பிள்ளையின் ஏட்டில் அதே ஆறாம் நிலையையே எழுதுகிறது. வகுப்பாசிரியர் தம் குறிப்பில் அப்பதினேழு புள்ளிகளைத் தனியே எழுதிப் பெற்றோர்க்குக் காட்டினாலன்றி, அவ்வேற்றம் வீட்டார் கண்ணிற் படாது.