காத்தவர்களைப் போற்றும் முறை

போற்றுதல் என்பது ஒரு கடன். கடனை உரியவரிடம் செலுத்த வேண்டும். உரிய அளவில் செலுத்த வேண்டும். ஆள் மாறிக் கொடுத்தால் கடன் தீராது. அளவு கடந்து கொடுத்தால் அது முகத்துதியாகிவிடும். போர்க்காலத்தில் தம் உயிரைப் பொருட்படுத்தாது அறிவுச் செல்வங்களைக் காத்த மக்களைப் புகழ்ந்து எழுதப்படும் நூல்களையும் இந்த உரைகல்லில் உரைத்துப் பார்ப்பது நம் கடமையாகும். அத்தகைய நூல்கள் இரண்டினைப் பற்றிய என் எண்ணங்களை வாசக நேயர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

ஆப்பிரிக்காவின் மாலி நாட்டில், நைஜர் ஆற்றுக்கும் சகாராப் பாலைக்கும் இடையே அமைந்தது திம்புக்டு நகரம். ஒரு காலத்தில் உப்பும் பொன்னும் விலைபோனதைப் போலவே அங்கே கிதாபுகளும் விலைபோயின. 1591ஆம் ஆண்டு மொராக்கோப் படை அந்நாட்டை வென்றது. சில ஆண்டுகளில் அந்நகரின் பேரறிஞர் அஹ்மத் பாபா (ரஹ்) அவர்கள் சிறைப்பிடிக்கப்பட்டு மர்ராகிஷுக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். பறிபோன தம் கிதாபுகள் 1,600 என்றும், தம் உறவினருள் தம்மிடம் இருந்ததே மிகச் சிறிய நூலகம் என்றும் அவர்கள் சொன்னதாக வரலாறு கூறுகிறது. அன்று தொட்டே அந்நகரத்துக் குடும்பங்கள் படை வரும்போதெல்லாம் கிதாபுகளை மறைப்பதில் பழகிப் போயின. பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்திலும் பெட்டிகள் மணலுக்கடியிலும் சுவருக்குள்ளும் ஒளிந்திருந்தன.

2012 ஏப்ரலில் ஆயுதக் குழுக்கள் திம்புக்டுவைக் கைப்பற்றின. அடுத்த ஜனவரி வரை நகரம் அவற்றின் பிடியில் இருந்தது. அம்மாதங்களில் கையெழுத்துக் கிதாபுகள் இரும்புப் பெட்டிகளில் அடைக்கப்பட்டு, இரவோடு இரவாக வீட்டுக்கு வீடு மாற்றப்பட்டு, வண்டியிலும் படகிலும் ஏற்றப்பட்டுத் தெற்கே தொலைவிலுள்ள தலைநகர் பமாகோவைச் சென்றடைந்தன. இந்நிகழ்ச்சியைப் பற்றி அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜோஷுவா ஹாமர் 2016இல் ஒரு நூலும், பிரிட்டிஷ் பத்திரிகையாளர் சார்லி இங்லிஷ் 2017இல் ஒரு நூலும் வெளியிட்டனர். என் மகன் வாங்கித் தந்த இவ்விரு ஆங்கில நூல்களையும் அகராதியைத் துணை கொண்டு மெல்ல மெல்லப் படித்து முடித்தேன்.

ஹாமர் எழுதிய வீர காதை

ஹாமரின் நூல் விறுவிறுப்பானது. அதன் நாயகர் அப்துல் காதிர் ஹைதரா. இவர் 1984 முதல் அஹ்மத் பாபா நிலையத்துக்காக ஊர் ஊராகச் சென்று, ஒட்டகத்திலும் படகிலும் பயணம் செய்து, குடும்பங்களின் நம்பிக்கையைப் பெற்றுக் கிதாபுகளைச் சேகரித்தவர். பின்னர்த் தம் முன்னோரின் சேகரத்தைக் கொண்டு தமக்கென ஒரு நூலகமும் திறந்தவர். நகரம் விழுந்ததும், ஆக்ஸ்போர்டு சென்று ஆங்கிலம் கற்பதற்கெனத் தமக்கு வழங்கப்பட்டிருந்த 12,000 டாலரைப் பெட்டிகள் வாங்கத் திருப்பிவிட்டார் என்று ஹாமர் எழுதுமிடத்தில் என் கண்கள் பனித்தன. கல்விக்கென வந்த பொருளைக் கல்வியைக் காக்கவே செலவிட்ட மனிதர் அவர். 2014ஆம் ஆண்டின் ஜெர்மன் ஆப்பிரிக்கப் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது பொருத்தமே.

எனினும் இந்நூலின் குறைகளைச் சொல்லாமல் இருக்க இயலவில்லை. தலைப்பிலேயே தொடங்குகிறது குறை. அதைத் தமிழாக்கினால் 'திம்புக்டுவின் அடாவடி நூலகர்கள்' என்றுதான் சொல்ல வேண்டும். பணிவையே அணியாகக் கொண்ட ஆலிம் குடும்பத்தினரைச் சந்தைமொழியில் விளித்தால்தான் நூல் விற்கும் போலும்! அடுத்து, ஆள் கடத்திய தளபதிகளின் கதைகள் பக்கம் பக்கமாக நீள்கின்றன. பெட்டி சுமந்த எளிய மனிதரோ வரிக்குள் வந்து வரிக்குள் மறைகின்றனர். ஓட்டுநரும் படகோட்டியும், தம் வீட்டு அறையைப் பெட்டிகளுக்காகத் திறந்துவிட்ட பெண்களும் இல்லாமல் ஒரு ஹைதரா என்ன செய்திருக்க முடியும்? ஒருவரை நாயகராக்கிய கணத்தில் நூற்றுக்கணக்கானோர் துணைப் பாத்திரங்களாகி விடுகின்றனர்.

ஸனதைக் கேட்பது அவமதிப்பாகுமா?

மதரஸாவில் ஹதீஸ் கலை ஓதியவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. செய்தியின் இனிமையில் திளைப்பதற்கு முன், 'ஸனத் எங்கே?' என்று கேட்போம். சொன்னவர் யார்? நேரில் கண்டாரா? கேட்டுச் சொன்னாரா? எங்ஙனம் கேட்டார்? மிகுந்த பேணுதலுடையவர் சொன்னாலும் இக்கேள்விகளுக்கு விலக்கு இல்லை. நம் இமாம்கள் அறிவிப்பாளர்களை எடை போட்டது அவர்கள்மீது கொண்ட பகையினால் அன்று. சொல்லப்பட்ட பொருளின்மீது கொண்ட மதிப்பினால்.

இந்தப் பழக்கத்தை உலகப் பத்திரிகைகள் மறந்தமைக்குத் திம்புக்டுவே சான்று. 2013 ஜனவரி 28ஆம் நாள் பிரெஞ்சுப் படையும் மாலிப் படையும் நகருக்குள் நுழைந்தன. அன்றே, நூலகம் எரிந்தது, சுவடிகள் சாம்பலாயின என்ற செய்தி உலகெங்கும் பரவியது. சொன்னவர் அந்நகரத்தின் தலைவர், பதவியால் நம்பத்தக்கவர். ஆனால் அவர் அப்போது இருந்ததோ பமாகோவில். கண்ணி அறுந்த தொடர் அது. நம் கலைச்சொல்லில் 'முன்கதிஉ'. பின்னர் எண்ணிப் பார்த்தபோது, அஹ்மத் பாபா நிலையத்தின் புதிய கட்டடத்தில் எரிந்தோ களவு போயோ மறைந்தவை சுமார் 4,200 எனத் தெரிந்தது. அதுவும் பேரிழப்பே. ஆயினும் பெரும்பகுதி தப்பியிருந்தது.

துயரச் செய்தியை இப்படிச் சோதித்தவர்கள், மகிழ்ச்சிச் செய்தியைச் சோதிக்கத் தயங்கினர். காப்பாற்றப்பட்டவை 3,77,000 சுவடிகள் என்ற கணக்கு எங்கும் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது. ஹாமர் அதனை ஏற்றுக்கொண்டார். சார்லி இங்லிஷ் அங்கேதான் நின்று கேள்வி கேட்கிறார். இத்தனை சுவடிகள் உண்மையில் இருந்தனவா? சுவடிகளுக்கு ஆபத்து சொல்லப்பட்ட அளவுக்கு நெருங்கியிருந்ததா? ஒருவர் சொன்னதும் மற்றவர் சொன்னதும் ஏன் பொருந்தவில்லை? வெளியேற்றம் நடந்ததை அவர் மறுக்கவில்லை. அதன்மேல் படிந்த மிகையைத்தான் ஐயுறுகிறார். இதனால் சினம் கொண்டோர் உண்டு. நன்மை செய்தவர்களைச் சந்தேகிப்பது நன்றிகேடு என்பது அவர்தம் வாதம்.

இந்த வாதத்தை நான் ஏற்கவில்லை. எண்ணிக்கை பத்தில் ஒரு பங்காகவே குறையட்டும். அதனால் அந்த இரவுகளில் பெட்டி தூக்கியவரின் அச்சம் குறைந்துவிடுமா? நற்கூலிதான் குறைந்துவிடுமா? சோதனைக்குப் பின்னும் நிற்கின்ற புகழ்தான் நிலைத்த புகழ். மிகையின்மேல் கட்டப்பட்ட புகழ், ஒரு செங்கல் பெயர்ந்தவுடன் உண்மையான தியாகத்தையும் சேர்த்துக் கொண்டு சரிந்துவிடும். ஆகவே இங்லிஷ் எழுப்பிய ஐயமும் ஒருவகை மரியாதையே என்பது என் தீர்ப்பு.

ஆனால் அவர் நூலிலும் குறை உண்டு. திம்புக்டுவைப் பொன்னகரம் என்று கற்பனை செய்து தேடிப்போன ஐரோப்பியப் பயணிகளின் கதையை இடையிடையே பின்னிக்கொண்டு செல்கிறார் அவர். கதையழகு கூடுகிறது. ஆயினும் அந்நகரத்து ஆலிம்கள் தம் வீட்டிலேயே விருந்தாளிகளைப் போல வந்து போகின்றனர். இரு நூல்களுக்கும் பொதுவான பெருங்குறை ஒன்றும் உள்ளது. பெட்டி எப்படிப் போயிற்று என்பதற்குக் கிடைத்த இடம், பெட்டிக்குள் என்ன இருந்தது என்பதற்குக் கிடைக்கவில்லை. ஃபிக்ஹு, நஹ்வு, வானியல், மருத்துவம், வணிகக் கடிதம் என்று அச்சுவடிகள் விரிகின்றன. நான் என் மாணவர்களுக்கு ஓதிக்கொடுக்கும் இப்னு மாலிக்கின் 'அல்ஃபிய்யா'வை அப்பாலை நகரத்து மாணவரும் மனனம் செய்தனர் என்று அறியும்போது, தொலைதூர நாட்டுச் செய்தியாக அது எனக்குத் தோன்றவில்லை.

ஓதத் தெரியாதவரும் ஓதத் தெரிந்தவரும்

இந்நிகழ்ச்சியில் என்னைத் தூங்கவிடாமல் செய்த மனிதர் இருவர்.

ஒருவர் அஹ்மத் பாபா நிலையத்தின் முதிய காவலர். எழுபது வயதைக் கடந்தவர். நாற்பது ஆண்டுகளாகக் கிதாபுகளைக் காத்தவர். ஒரு வரியும் படிக்கத் தெரியாதவர். அரிசிச் சாக்கிலும் தினைச் சாக்கிலும் அவற்றை அடைத்து, காய்கறி கொண்டு செல்லும் தள்ளுவண்டியில் இரவில் தள்ளிக்கொண்டு போனார் என்று 2013இல் செய்தியாளர்கள் எழுதினார்கள்.

மற்றவர் அஹ்மத் அல்ஃபகீ அல்மஹ்தீ. ஓதியவர், அறிந்தவர் என்று ஊரால் மதிக்கப்பட்டவர். 2012இல் ஒன்பது அடக்கத்தலங்களையும் சீதி யஹ்யா பள்ளியின் கதவையும் இடித்துத் தகர்த்த செயலுக்குத் தலைமை தாங்கியவர். இடிக்க வேண்டாம் என்றே முதலில் ஆலோசனை சொன்னாராம். கட்டளை வந்ததும் கடப்பாரைக்குப் பொறுப்பேற்றார். திஹேக் நகரிலுள்ள சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். 2016 செப்டம்பர் 27ஆம் நாள் அவருக்கு ஒன்பதாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. பண்பாட்டுச் சின்னங்களை அழித்த குற்றத்துக்காக மட்டுமே அந்நீதிமன்றம் வழங்கிய முதல் தண்டனை அது. இடிந்தவற்றை 2015க்குள் உள்ளூர்க் கொத்தனார்கள் மரபு முறைப்படி மீண்டும் எழுப்பிவிட்டனர். காத்தவர் பட்டியலில் அவர்களையும் சேர்க்க வேண்டும்.

அடக்கத்தலங்களின்மீது கட்டடம் எழுப்புவது குறித்து நம் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு என்பதை நான் அறியாதவன் அல்லன். கிதாபில் எழுதித் தீர்க்க வேண்டிய வேறுபாடு அது. கடப்பாரை எந்த மத்ஹபின் ஆதாரமும் ஆகாது.

ஓதத் தெரியாத முதியவர் அமானிதத்தைக் காத்தார். ஓதத் தெரிந்தவர் ஊராரின் அமானிதத்தை இடித்தார். முப்பது ஆண்டுகளாக ஓதிக்கொடுப்பதையே தொழிலாகக் கொண்ட எனக்கு இதைவிடக் கசப்பான பாடம் வேறில்லை. கல்வி வேறு, காக்கும் மனம் வேறு என்றால், நாங்கள் மாணவர்களுக்கு எதைக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்? காவலரின் பெருமையைப் பாடும்போது, ஆசிரியர்களாகிய எங்கள் பக்கம் திரும்பும் இக்கேள்வியையும் இவ்விரு நூலாசிரியர்களுள் ஒருவராவது அழுத்திக் கேட்டிருக்கலாம்.

போற்றுதல் எங்கே நிறைவுறும்?

பரிசு வழங்கலாம், நூல் எழுதலாம், இழிசெயல் புரிந்தவரைத் தண்டிக்கலாம். இவையனைத்தும் வேண்டியவையே. ஆனால் ஒரு கிதாபைக் காத்தவருக்குரிய முழு நன்றி, அதைத் திறந்து படிப்பதில்தான் இருக்கிறது. அமெரிக்காவின் மினசோட்டாவில் கிறித்தவத் துறவியர் நடத்தும் ஹில் கையெழுத்து நூலகம், பமாகோ வந்து சேர்ந்த சுவடிகளைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டு வருகிறது. 2025 ஆகஸ்டில் அஹ்மத் பாபா நிலையத்தின் சுவடிகள் இருநூறுக்கும் மேற்பட்ட பெட்டிகளில் திம்புக்டுவுக்கே திரும்பலாயின. பமாகோவின் ஈரக்காற்று அவற்றுக்கு ஒவ்வாது என்பது ஒரு காரணம். பெட்டிகள் வீடு திரும்பின. படிப்பவர்கள் இனித்தான் வர வேண்டும்.

அச்சுவடிகளுள் ஒரு வகை, அரபு எழுத்தில் ஆப்பிரிக்க மொழிகளை எழுதியது. அதனை 'அஜமீ' என்பர். நேயர்களுக்கு விளக்கம் தேவையில்லை. நம் பாட்டிமார் ஓதிய அரபுத் தமிழ்க் கிதாபுகளும் அதே மரபின் பிள்ளைகளே. என் தாய்வழிப் பாட்டனார் வீட்டுப் பரணில் ஒரு மரப்பெட்டி நிறைய அரபுத் தமிழ்க் கையெழுத்துக் கிதாபுகள் இருந்தன. பாகப்பிரிவினையின்போது அதை யாரும் கேட்கவில்லை. புனித எழுத்து காலில் படக்கூடாதே என்ற நல்லெண்ணத்தோடு உறவினர் ஒருவர் அவற்றைப் பாழ்ங்கிணற்றில் இறக்கினார். அன்று எனக்குப் பதினேழு வயது. அருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊரில் போர் நடக்கவில்லை. எந்தப் படையும் வரவில்லை.

அந்த மாலித் தேசத்து முதியவர் எங்கள் கிணற்றடியில் நின்றிருந்தால் என்ன செய்திருப்பார் என்று அடிக்கடி எண்ணுகிறேன். ஒரு சாக்கைத் தேடியிருப்பார். அவரைப் போற்ற விரும்பும் நாம், இந்த இதழை மூடி வைத்தபின் நம் வீட்டுப் பரணில் ஒருமுறை ஏறிப் பார்ப்போமாக. அங்கே ஒரு பெட்டி இருக்குமானால், அதனைத் திறக்கும் மனத்தையும், ஓதி அறியும் வாய்ப்பையும் அல்லாஹ் நமக்கு அருள்வானாக, ஆமீன்.