துறைமுகத்தைப் பார்ப்பதும் கடப்பதும்: கொச்சி குறித்துச் சில குறிப்புகள்

1

"அங்க பாக்க என்ன இருக்கு?" கொச்சிக்குப் போகிறேன் என்றதும் ஸ்ரீமதுரையில் பக்கத்து வீட்டு அண்ணன் கேட்டது இது. சாதாரணக் கேள்விதான். ஆனால் நீலகிரிக்காரன் வாயிலிருந்து வரும்போது அதற்கு வேறொரு எடை வந்துவிடுகிறது. நாங்கள் பார்க்கப்படும் மாவட்டத்தில் வாழ்கிறவர்கள். ஊட்டி, குன்னூர், தொட்டபெட்டா, பைக்காரா என்று பார்க்க வேண்டிய இடங்களாகப் பட்டியலிடப்பட்ட மலை இது. வண்டிகள் கூடலூரில் டீக்கு நின்றுவிட்டு மேலே ஏறிப் போகும். முதுமலைக் காட்டை ஒட்டிக் கிடக்கும் ஸ்ரீமதுரைப் பக்கம் திரும்பாது. பட்டியலில் நாங்கள் இல்லை.

கொச்சி எங்கள் வீட்டில் ஒரு ஊராக இருந்ததில்லை. ஒரு விலையாக இருந்தது. கோழிக்கோடு வானொலி 'கம்போள நிலவாரம்' வாசிக்கும்போது அப்பா எல்லோரையும் வாயை மூடச் சொல்வார். மிளகு கார்பிள்டு இவ்வளவு, அன்கார்பிள்டு இவ்வளவு. அந்தச் சொற்களின் பொருள் தெரியாமலே நாங்கள் வளர்ந்தோம். தூசியும் காம்பும் நீக்கிய மிளகு ஒன்று, நீக்காதது மற்றொன்று என்பது பின்னால்தான் தெரிந்தது. எங்கள் மிளகு எப்போதும் இரண்டாவது வகை. கூடலூர்க் கடைக்காரர் 'கொச்சியில இறங்கிடுச்சு' என்றால் எங்கள் வீட்டில் அந்த மாதம் கறி கிடையாது. ஆக, நான் பார்க்கப் போனது என்னைப் பல வருஷம் ஆண்ட ஒரு ஊரை.

கூடலூரிலிருந்து நாடுகாணி வழியாக இறங்கி, வழிக்கடவு, நிலம்பூர். அங்கிருந்து ஷொரணூருக்கு ரயில். 1927-இல் திறந்த இந்தப் பாதையில் தேக்கு போனது. இன்று மரங்கள் கவிந்த அழகான ரயில் பாதை என்று அதையும் படமெடுக்க வருகிறார்கள். மரம் போன வழி மரம் பார்க்கும் வழியாகிவிட்டது. இந்த மாற்றம் எப்படி நடக்கிறது, இதில் யார் காணாமல் போகிறார்கள் என்பதே இக்குறிப்புகளின் விஷயம்.

2

ஃபோர்ட் கொச்சியில் எந்த வழிகாட்டியும் உங்களை ஏறக்குறைய ஒரே வரிசையில்தான் அழைத்துப் போவார். சீன வலை, போர்த்துக்கீசியர் தேவாலயம், டச்சு அரண்மனை, யூதர் கோயில். ஒவ்வொன்றுக்கும் ஒரு தேசம், ஒரு ஆண்டு. அரண்மனையைப் போர்த்துக்கீசியர் 1555 வாக்கில் கட்டிக் கொச்சி ராஜாவுக்குக் கொடுத்தார்கள், 1663-க்குப் பின் டச்சுக்காரர்கள் பழுதுபார்த்தார்கள். பெயர் பழுதுபார்த்தவனுக்குப் போனது. கல் சுமந்தவனைப் பற்றிப் பேச்சே இல்லை.

ரோலான் பார்த் 1957-இல் வெளியான தன் நூலில் 'நீல வழிகாட்டி' என்ற பிரெஞ்சுப் பயண நூலை இப்படித்தான் வாசித்துக் காட்டினார். நினைவுச் சின்னங்களைக் காட்டுவதன் மூலமே அது ஒரு நாட்டின் மனிதர்களை மறைக்கிறது என்பது அவர் வாதம். மனிதர்கள் அதில் வெறும் மாதிரிகளாக வருகிறார்கள். கொச்சிக்கும் இது பொருந்தும். ஆனால் பார்த்தோடு நின்றுவிட்டால் வசதியாகப் போய்விடும். மறைத்தல் எங்கே, எப்படி நடக்கிறது என்று கட்டடத்துக்குள்ளேயே தேடவேண்டியிருக்கிறது.

புனித பிரான்சிஸ் தேவாலயத்தில் வாஸ்கோ ட காமாவைப் புதைத்த இடம் இருக்கிறது. 1524-இல் கொச்சியில் செத்தார், 1539-இல் எலும்புகளைப் போர்த்துக்கலுக்கு எடுத்துப் போய்விட்டார்கள். காலிக் குழி. அதைச் சுற்றிக் கம்பி கட்டியிருக்கிறது, கூட்டம் நிற்கிறது. நான் போனபோதும் வழிகாட்டி அங்கேதான் அதிக நேரம் பேசினார். அவர் பேசிக்கொண்டிருக்கையில் நான் அண்ணாந்து பார்த்தேன். கூரையிலிருந்து நீளத் துணி விசிறிகள் தொங்குகின்றன, பங்கா. அவற்றின் கயிறு சுவரைத் தாண்டி வெளியே போகிறது. இழுப்பவர் கோயிலுக்கு வெளியே நின்று இழுக்கவேண்டும். உள்ளே ஜெபமும் காற்றும், வெளியே வெயிலும் கையும்.

"இதை யாருங்க இழுத்தாங்க?" என்று கேட்டேன். "கூலியாளுங்கதான்" என்றார் வழிகாட்டி. ஒரு வார்த்தையில் முடிந்துவிட்டது. எலும்பே இல்லாத ஒரு குழிக்குப் பத்து நிமிஷம், கயிறு இழுத்த கைகளுக்கு ஒரு வார்த்தை. அவரைக் குறை சொல்லவில்லை. அவர் கற்ற பிரதி அப்படி. இருந்தவன் என்பதற்குச் சான்றாக ஆண்டும் பெயரும் வேண்டும் என்பது அந்தப் பிரதியின் இலக்கணம். கயிறு இழுத்தவனுக்கு இரண்டும் இல்லை.

3

மட்டாஞ்சேரிக் கடைவீதிக்கு வாருங்கள். இஞ்சி, மிளகு மணம் இன்னும் இருக்கிறது. இதே தெருக்களுக்குப் பட்டியலில் வராத ஒரு சரித்திரம் உண்டு. 'சாப்பா' என்றால் முத்திரை, உலோக வில்லை. கப்பலில் ஏற்றி இறக்கும் வேலைக்கு ஆள் எடுக்கக் காலையில் ஒப்பந்தக்காரர்களின் ஆட்கள் வருவார்கள். கூடி நிற்கும் தொழிலாளிகள் நடுவே வில்லைகளை வீசுவார்கள். அடித்துப் பிடித்து, விழுந்து புரண்டு, எவன் கையில் வில்லை அகப்படுகிறதோ அவனுக்கு அன்றைக்கு வேலை. மற்றவனுக்குப் பட்டினி. இது வெறும் ஆளெடுப்பு முறை அல்ல. தொழிலாளியின் எதிரியாகப் பக்கத்துத் தொழிலாளியை நிறுத்திக் காட்டும், தினமும் நடத்தப்பட்ட அதிகார நாடகம். வீசுகிறவன் மேலே நின்று அதைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

சாப்பாவை ஒழிக்கக் கேட்டு எழுந்த போராட்டத்தில் 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் போலீஸ் சுட்டது. சைது, சைதலவி, ஆன்டணி ஆகியோர் அந்தப் போராட்டத்தின் தியாகிகள். சாப்பா முறை உடனே போய்விடவில்லை, அறுபதுகளின் தொடக்கம்வரை இழுத்துக்கொண்டு கிடந்தது. கே.எம். சிதம்பரன் இதை நாடகமாக எழுதினார். அதைக்கொண்டு ராஜீவ் ரவி எடுத்த 'துறமுகம்' படம் 2023-இல் வெளிவந்தது.

அப்படியானால் தொழிலாளியைப் பட்டியலில் சேர்த்துவிட்டால் போதுமா? போதாது என்பதை டோபி கானாவில் கண்டேன். டச்சுக்காரர் காலத்தில் பட்டாளத்தின் துணி வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட வண்ணார்களின் வழிவந்தவர்கள் ஃபோர்ட் கொச்சியில் இன்றும் துணி வெளுக்கிறார்கள். வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். இந்த இடம் பட்டியலில் ஏறிவிட்டது. வெள்ளைக்காரப் பயணிகள் வந்து துவைப்பதையும் கஞ்சி போடுவதையும் தேய்ப்பதையும் படமெடுக்கிறார்கள். தேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் என் பேச்சைக் கேட்டு நிமிர்ந்தார்.

"தமிழா? எந்த ஊரு?"

"ஸ்ரீமதுரைங்க."

"மதுரையா?"

"மதுரை இல்லீங்க, ஸ்ரீமதுரை. கூடலூர் பக்கம், நீலகிரி."

"அட, ஊட்டி!" என்று சிரித்தார். "ஒரு தடவ டூர் வந்தோம். குதிரை ஏறினோம், படகுல போனோம். ஜனங்க எப்படிப் பொழைக்கிறாங்கன்னுதான் தெரியல. தேயிலை பறிக்கிற பொம்பளைங்கள பஸ்ஸிலேர்ந்து போட்டோ எடுத்தோம்."

நாங்கள் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. கையில் கேமராவுடன் நான் அவர் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். காமிராவைப் பைக்குள் வைத்தது பெரிய அறச்செயல் ஒன்றும் இல்லை. வெட்கம், அவ்வளவுதான். உழைப்பு காட்சியாகும்போது உழைப்பவனின் கூலியோ கடனோ நோவோ அதில் வருவதில்லை. சட்டகத்துக்குள் வந்துவிட்ட உழைப்பும் பங்காக் கயிற்றைப்போலத்தான்: கயிறு தெரிகிறது, கை தெரிவதில்லை. 2012 முதல் பியனாலே கலைக்காட்சியின் முக்கிய அரங்காக அறியப்பட்ட ஆஸ்பின்வால் வளாகத்தையும் இப்படி யோசிக்கலாம். சுமை ஏற்றிய கிட்டங்கியில் இன்று சுமை பற்றிய கலையை வைக்கலாம். நல்ல கலையாகவும் இருக்கலாம். ஆனாலும் சுமந்தவனின் பேரன் அதைப் பார்க்க வந்தானா, காவலுக்கு வந்தானா என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

4

பார்ப்பதை விட்டுப் போவது வருவதைக் கவனித்தால் கொச்சி வேறு ஊராகத் தெரிகிறது. தண்ணீரால் வெட்டுப்பட்ட ஊர். எறணாகுளம் ஜெட்டியிலிருந்து ஃபோர்ட் கொச்சிக்கு அரசுப் படகு. அங்கிருந்து வைப்பினுக்கு ஜங்கார், பைக்கும் காரும் மனிதரும் ஒன்றாய். 2023 ஏப்ரலிலிருந்து குளிர்வசதி செய்த வாட்டர் மெட்ரோ. மீன் கூடையோடு ஏறுகிற பெண்கள் எந்தப் படகில் போகிறார்கள், எதில் போவதில்லை என்று பார்த்தாலே ஊரின் பாதிக் கதை தெரிந்துவிடும்.

மீதிக் கதை 1913-இல் இருக்கிறது. அப்போது புலையர்கள் எறணாகுளத்துப் பொது வழிகளில் நடக்க முடியாது. கூட்டம் போட நிலம் கிடையாது. பண்டிட் கறுப்பனும் புலையர் தலைவர்களும் ஒரு வழி கண்டார்கள். காயலில் படகுகளைச் சேர்த்துக் கட்டி, தண்ணீர்மேல் கூட்டம் நடத்தினார்கள். காயல் சம்மேளனம் என்று அதற்குப் பெயர். கரை மறுக்கப்பட்டவர்கள் நீரைக் கரையாக்கிக்கொண்டார்கள். அதே காயலில் முளவுகாடு தீவில் 1912-இல் பிறந்த தாட்சாயணி வேலாயுதன், பின்னால் அரசியல் நிர்ணய சபையில் இருந்த ஒரே தலித் பெண். இன்றைக்குச் சுற்றுலாப் படகுகள் அந்தத் தண்ணீரின்மேல் பாட்டுப் போட்டுக்கொண்டு போகின்றன. நானும் அதில்தான் போனேன். 'இடது பக்கம் போல்காட்டி அரண்மனை' என்றது ஒலிபெருக்கி.

இந்த இடத்தில் ஆஷிஸ் நந்தியோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு. கொச்சி பற்றிய தன் நீண்ட கட்டுரையில் அவர் சொல்வது: இங்குள்ள சமூகங்கள் ஒன்றையொன்று உருகி நேசித்துச் சேர்ந்து வாழவில்லை, உள்ளுக்குள் மேட்டிமையும் கசப்பும் வைத்துக்கொண்டே பெரிய ரத்தக்களறி இல்லாமல் வாழ்ந்தன, நவீன மதச்சார்பின்மை தராத ஒரு பன்மை இங்கே இருந்தது. பாபர் மசூதிக்குப் பிந்தைய இந்தியாவில் இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. இன்று இன்னும் முடியாது. ஆனால் சேர்ந்து வாழ்ந்தார்கள் என்று சொல்லும்போது எத்தனை அடி தூரத்தில் என்ற கேள்வியையும் கேட்கவேண்டும். சமூகங்களுக்கு இடையிலான தூரத்தை மட்டும் அளந்தால் சமூகத்துக்கு உள்ளே இருந்த தூரம் கணக்கில் வராது.

1568-இல் கட்டிய யூதர் கோயிலையே எடுத்துக்கொள்ளலாம். சீனத்து நீலவெள்ளை ஓடுகள் பதித்த தரையைக் குனிந்து பார்க்கச் சொல்கிறார்கள். அந்தக் கோயிலில் விடுதலை பெற்ற அடிமைகளின் வழிவந்த யூதர்களுக்குச் சம இடம் இல்லை. அவர்களில் ஒருவரான வழக்கறிஞர் ஏ.பி. சேலம் காந்திய வழியில் அங்கே சத்தியாக்கிரகம் செய்தார். யூதர்களில் ஏறக்குறைய எல்லோரும் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். ஓடுகள் இருக்கின்றன. யார் எங்கே உட்காரலாம் என்று நடந்த சண்டை ஓட்டில் பதியவில்லை.

5

கட்டுரையை இங்கே முடித்திருந்தால் எனக்கும் நல்லது, படிப்பவர்களுக்கும் நல்லது. பாவம் எல்லாம் துறைமுகத்தில், நான் மலையிலிருந்து வந்த நியாயவான். அப்படி முடிக்க முடியவில்லை.

திரும்பி வரும்போது நாடுகாணி ஏற்றத்தில் ஒரு விஷயம் உறைத்தது. கூடலூர் பழைய தென்கிழக்கு வயநாடு, 1877-இல்தான் நீலகிரியோடு சேர்க்கப்பட்டது. அந்த வயநாட்டில் மானந்தவாடிக்குப் பக்கத்தில் வள்ளியூர்க்காவு. அங்கே திருவிழாவின்போது நிலக்காரர்கள் பணியர்களையும் அடியர்களையும் ஓராண்டு வேலைக்குப் பிடிப்பார்கள். அம்மன் முன்னால் கொடுக்கும் அந்தக் காசுக்கு 'நில்ப்புப் பணம்' என்று பெயர். வாங்கிவிட்டால் வருஷம் முழுக்க வேறு வாசலுக்குப் போக முடியாது. எழுபதுகள் நெருங்கும்வரை நடந்த வழக்கம் இது. மிளகு புறப்படும் முனையில் கையில் வைக்கப்பட்ட காசு. மிளகு கப்பலேறும் முனையில் கூட்டத்தில் வீசப்பட்ட வில்லை. ஒன்று ஒரு வருஷத்துக்குக் கட்டிப்போட்டது, மற்றொன்று ஒரு நாளைக்குக்கூட உத்தரவாதம் தரவில்லை. உலகத்தை இணைத்ததாகச் சொல்லப்படும் மிளகு வழி இந்த இரண்டு காசுகளுக்கு நடுவில் ஓடியிருக்கிறது.

நாங்கள் அம்மன் முன்னால் யாருக்கும் காசு கொடுத்தவர்கள் இல்லை. குடியேறிகள், பட்டா இல்லாதவர்கள், ஏழைகள் என்றே எங்களைச் சொல்லிக்கொள்வோம். அது உண்மைதான். ஆனால் எங்கள் கொடியில் மிளகு பறித்தது பணியர்கள். கணு வெட்டிய ஒற்றை மூங்கில் ஏணியை மரத்தில் சாய்த்து, காலையில் ஏறினால் மத்தியானம் கஞ்சிக்குத்தான் இறங்குவார்கள். வீட்டுக்கு வந்ததும் அப்பாவின் பழைய கணக்கு நோட்டை எடுத்துப் பார்த்தேன். தேதி, மிளகு எத்தனை கிலோ, கொச்சி விலை, கடைக்காரர் கொடுத்த விலை எல்லாம் பைசா சுத்தமாக இருக்கிறது. அதற்குக் கீழே: 'ஏணி ஆள் 2, கூலி கொடுத்தது.' பெயர் இல்லை.

வழிகாட்டி சொன்ன 'கூலியாளுங்கதான்' எங்கள் வீட்டு நோட்டிலும் இருந்திருக்கிறது. அப்பா எழுதியது. பக்கத்தில் உட்கார்ந்து கூட்டல் போட்டுக் கொடுத்தது நான்.

பக்கத்து வீட்டு அண்ணன் வந்து கேட்டார், "என்னப்பா, கொச்சி எப்படி?" நான் நோட்டைக் காட்டி, "அந்த வருஷம் நம்ம மரத்துல ஏறின ரெண்டு பேரு யாருண்ணே?" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "ஒருத்தன் செத்துட்டான். இன்னொருத்தன் பாடியிலதான் இருக்கணும்" என்றார். பாடி என்றால் பணியர் குடியிருப்பு. எங்கள் வீட்டிலிருந்து அரைமணி நடை. இத்தனை வருஷத்தில் நான் அங்கே போனதில்லை.