ஓர் அங்குலத்தின் அருமை

எங்கள் ராம் 3500 பிக்கப்பின் டேஷ்போர்டில் ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் வண்டியின் பின்பக்கம் ஏறத்தாழ ஓர் அங்குலம் இறங்கும். அதைப் பற்றி யார் கேட்டாலும் நான் வாய் ஓயாமல் பேசுவேன். ஃபிஃப்த் வீல் ட்ரெய்லர் இழுப்பவர்களுக்கு அந்த ஓர் அங்குலம் அமிர்தம்!

இந்த வகை ட்ரெய்லரை பம்பருக்குப் பின்னால் மாட்டுவதில்லை. அதன் முன்பகுதி பிக்கப்பின் தொட்டிக்கு மேலே நீண்டு வந்து, அதன் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கிங்பின் என்ற முளை, பிக்கப்பின் பின் அச்சுக்கு மேலுள்ள ஹிட்ச்சில் உட்காரும். ட்ரெய்லர் எடையில் 15 முதல் 25 சதவீதம் வரை அங்கே இறங்கும். 12,000 பவுண்டு ட்ரெய்லர் என்றால் 2,400 பவுண்டு சர்வசாதாரணம்.

இப்போதைய 4x4 பிக்கப்புகள் உயரமானவை. அதனால் ட்ரெய்லர் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும். அப்போது அதன் பின் அச்சு அதிக எடை சுமக்கும், டயர் சூடேறும்; முன் அச்சுச் சக்கரங்களோ பாரம் குறைந்து, அழுத்திப் பிரேக் போட்டால் முதலில் பூட்டிக்கொள்ளும். பட்டை ஸ்பிரிங் உள்ள ட்ரெய்லரில் இரண்டு அச்சும் பாரத்தை ஓரளவு பகிர்ந்துகொள்ளும். ரப்பர் டார்ஷன் அச்சுகளுக்கு அந்த வசதியும் இல்லை.

ஹிட்ச்சை ஒரு துளை கீழே இறக்கினால் தீராதா? மூக்கு இறங்கும்தான். ஆனால் தொட்டியின் பக்கச்சுவருக்கும் ட்ரெய்லரின் அடிப்பாகத்துக்கும் இடையே ஐந்தரை, ஆறு அங்குலமாவது இருக்க வேண்டிய இடைவெளி குறைந்துவிடும். மேடுபள்ளமான பெட்ரோல் பங்க் வாசலில் வளைத்துத் திருப்பினால் பக்கச்சுவர் நசுங்கும்.

அந்தப் பொத்தான் இயக்கும் காற்று சஸ்பென்ஷனின் அழகே இங்கேதான். பொத்தானை அழுத்தினால் தொட்டி, ஹிட்ச், ட்ரெய்லர் மூக்கு எல்லாம் சேர்ந்தே இறங்குகின்றன. இடைவெளி அப்படியே இருக்க, ட்ரெய்லர் மட்டம் ஆகிவிடுகிறது! 2014 மாடலில் இதைக் கொண்டுவந்த பொறியாளர்களை நேரில் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடுவேன்.

அதோடு முடிந்ததா? கிங்பின்னில் பாரம் ஏறியதும் பின்பக்கம் அமுங்கப் பார்க்கும். கம்ப்ரசர் காற்றை நிரப்பி உயரத்தைத் தானே சரிசெய்துகொள்ளும். பின்பக்கம் தாழ்ந்தால் முன்சக்கரப் பிடி தளரும், ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணைக் கூசவைக்கும். இதில் இரண்டும் இல்லை. கொலராடோவின் ஐ-70 சாலையில், 11,000 அடிக்கு மேலே இருக்கும் ஐசனோவர் சுரங்கத்தைத் தாண்டி சில்வர்தோர்ன் பக்கம் இறங்கும் சரிவில் ஸ்டீயரிங் கையில் எவ்வளவு உறுதியாக நின்றது தெரியுமா! பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி அந்தச் சரிவு முழுக்க மலையைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார், சாலையை அல்ல.

வேறு பிக்கப் வைத்திருப்பவர்கள் ஏர் லிஃப்ட், ஃபயர்ஸ்டோன் நிறுவனங்களின் காற்றுப் பைகளைப் பொருத்தலாம். அருமையானவைதான். ஆனால் அவை அமுங்கியதைத் தூக்கும். உயரமான வண்டியை இறக்கித் தராது.

எந்தக் காற்றுப் பையும் வண்டியின் சுமைத் திறனைக் கூட்டாது. ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள எண்தான் எண். ட்ரக் நிறுத்தங்களில் உள்ள கேட் (CAT) எடைமேடையில் பிக்கப்பின் முன் அச்சு, பின் அச்சு, ட்ரெய்லர் அச்சுகள் மூன்றின் எடையும் ஒரே தடவையில் தனித்தனியாகக் கிடைக்கும். சாமான்களை ஏற்றி, தண்ணீர்த் தொட்டியை நிரப்பி, முதலில் அங்கே போங்கள். பிறகு சமதரையில் நிறுத்தி, ட்ரெய்லர் சட்டத்தின் முன்னும் பின்னும் டேப்பால் அளந்து பார்த்துவிட்டு அந்தப் பொத்தானை அழுத்துங்கள்.